விடுப்புப் பக்கம் திறக்கவில்லை

கைராசி என்பது அவளுக்கு அலுவலகத்தில் வைத்த பெயர். நல்ல எண்ணத்தில் வைத்ததல்ல. அவள் கை பட்டால் எந்தச் சாதனமும் ஒன்று நிற்கும், இல்லாவிட்டால் புகையும். தொலைபேசியை எடுத்துப் பேசும் வேலைக்குத்தான் முதலில் சேர்ந்தாள். சேர்ந்த சூட்டிலேயே தொலைபேசி ஊமையானது. அதைச் சரிசெய்து முடிப்பதற்குள் பிரிண்டர் காகிதத்தை மென்று தின்ன ஆரம்பித்தது. வேறு முதலாளியாக இருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார். இவர் மொபைல் செயலிகள் செய்து விற்கிறவர். தொட்டதைக் கெடுக்கும் ஒரு கை வீட்டிலேயே இருக்கும்போது, செயலிகளைச் சோதித்துப் பார்க்க வெளியில் எதற்கு ஆள் தேடவேண்டும் என்று யோசித்தார். அன்றிலிருந்து அவள் டெஸ்டர்.

வேலையில் அவளைக் குறை சொல்ல முடியாது. எண் கேட்கும் இடத்தில் பெயரைப் போடுவாள். ஒரு தடவை தொடவேண்டிய பொத்தானை, லிஃப்ட் வரவில்லையென்று குத்துகிறவர்கள் மாதிரி விடாமல் குத்துவாள். பாத்திரம் கழுவிய ஈரக் கையோடு தொட்டுப் பார்ப்பாள். செயலி எழுதுகிறவர்கள் அவள் வருவதைக் கண்டால் ஃபோனைத் தூக்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வார்கள்.

கணவர் தொலைதூரப் பேருந்து ஓட்டுநர். இரவு வண்டிதான் அவருக்கு. காலையில் இவள் வேலைக்குக் கிளம்பும்போது அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பார். சாயங்காலம் அவர் சட்டையை மாட்டும்போது இவள் படியேறி வந்துகொண்டிருப்பாள். கல்யாணமான நாள் முதலாகச் சாவி கைமாறுகிற நேரத்தில்தான் குடும்பம் நடந்தது. அந்த நேரத்துக்குள் ஒரு பையனைப் பெற்று, வளர்த்து, விடுதியில் சேர்த்துப் படிக்கவும் வைத்துவிட்டார்கள் என்றால் இரண்டு பேரையும் பாராட்டத்தான் வேண்டும்.

அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. கணவர் ஓட்டும் வண்டியில் அவள் போயிருக்கிறாள், பின்னால் உட்கார்ந்து, அவருடைய பின்மண்டையைப் பார்த்துக்கொண்டே. அவர் பக்கத்தில் உட்கார்ந்து எந்தப் பேருந்திலும் போனதில்லை. ஓட்டுநர் இருக்கை ஒற்றை இருக்கை, அதற்கு அவரைக் கோபித்துக்கொண்டு என்ன செய்வது? கடல் இருக்கும் ஊர் எதற்காவது, பகல் வண்டியில், ஜன்னலோரம் இவளும் பக்கத்தில் அவருமாகப் போகவேண்டும். வழியெல்லாம் பேசிக்கொண்டே போகவேண்டும். அவ்வளவுதான் ஆசை. பேசவேண்டியது ஏகத்துக்குச் சேர்ந்து கிடந்தது.

அந்தத் திங்கட்கிழமை காலையில் அவர் செருப்பைக் கழற்றும் முன்பே சொன்னார்.

“லீவு குடுத்துட்டாங்க. வெள்ளிக்கிழமையிலேர்ந்து. டிக்கெட்டும் போட்டாச்சு.”

“நிஜமாவா சொல்றீங்க?”

“மேனேஜர் மனசு மாறுறதுக்குள்ள வாங்கிட்டு வந்துட்டேன். இதை விட்டா அடுத்த வருஷம்தான். உன் ஆபீஸ்ல சொல்லிடு.”

“அது ஒரு விஷயமா. ஆப்ல ஒரு தட்டு தட்டினா முடிஞ்சுது,” என்றாள் கைராசி. டெஸ்டர் வாயிலிருந்து வரக்கூடாத வார்த்தை அது.

அந்தச் செயலியைப் பற்றிச் சொல்லவேண்டும். ஊழியர்களின் வருகைப்பதிவு, சம்பளச் சீட்டு, விடுப்பு எல்லாவற்றையும் ஃபோனிலேயே பார்த்துக்கொள்ளும் செயலி. கம்பெனியே செய்தது. நாமே பயன்படுத்தாததை ஊரில் யார் தலையில் கட்டுவது என்று முதலாளி முதலில் தன் அலுவலகத்தில்தான் அதை அமல்படுத்தினார். விடுப்பு வேண்டுமென்றால் செயலி வழியாகத்தான் கேட்கவேண்டும். வாயால் கேட்டாலும் கையால் எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. கேட்டதும் செயலியே பார்த்து முடிவு சொல்லிவிடும். இடையில் மனிதர் யாரும் கிடையாது என்பதுதான் அதன் பெருமை. அதற்கடுத்த பெருமை அலுவலகச் சுவரில் இருந்த பெரிய திரை. விடுப்பு வாங்கியவருடைய கட்டம் அதில் சிவக்கும். செயலி வந்த நாளிலிருந்து யாருமே விடுப்பு எடுக்காததால் போன வாரம் வரை அது முழுக்கப் பச்சையாக இருந்தது. வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் முதலாளி அதைக் காட்டுவார்.

கைராசி தன் மேசையில் உட்கார்ந்து மெனுவைத் தொட்டாள். இடப்பக்கமிருந்து பட்டியல் நழுவி வந்தது. வருகைப்பதிவு, சம்பளச் சீட்டு, அறிவிப்புகள், கடைசியில் விடுப்பு. விடுப்பைத் தொட்டாள். பட்டியல் வந்த வழியே போய் மூடிக்கொண்டது. முகப்புப் பக்கம் அப்படியே நின்றது. பிழை என்று ஒரு வார்த்தை இல்லை, சக்கரம் ஒன்று சுற்றவில்லை. மறுபடி தொட்டாள். மறுபடியும் அதே மரியாதையான மௌனம். இரண்டு திட்டு திட்டினாலாவது பரவாயில்லை, வாயையே திறக்காத செயலியோடு என்ன சண்டை போடுவது? பழக்க தோஷத்தில் ஈரக் கையாலும் தொட்டுப் பார்த்துவிட்டாள்.

அவள் பிரிவில் செயலி எழுதுகிறவர்கள் இரண்டு பேர். ஒருவருக்குப் பெயர் தொடாதே அண்ணன். ஓடுகிற எதையும் தொடக்கூடாது என்பது அவர் கொள்கை. மேசை விசிறி ஓடுகிறது என்பதற்காக மழை நாளிலும் அதை நிறுத்தாமல் போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இன்னொருவன் திறக்குதே தம்பி. எந்தக் குறையைச் சொன்னாலும் “என் ஃபோன்ல திறக்குதே” என்பான். விடுப்புப் பக்கத்தை எழுதியவன் அவன்தான். எழுதியவன் இப்போது விடுப்பில் இருந்தான். மனைவியோடு மாமனார் வீட்டுக்குப் போயிருந்தான், வெள்ளிக்கிழமை வந்துவிடுவான். சுவர்த் திரையில் அன்றைக்கு இருந்த ஒரே சிவப்புக் கட்டம் அவனுடையது.

“அண்ணே, லீவு பக்கம் திறக்கல.”

தொடாதே அண்ணன் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். “ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க.”

பண்ணினாள்.

“ஆப்பை எடுத்துட்டு மறுபடி போடுங்க.”

போட்டாள்.

“ஜன்னல்கிட்ட போய் நின்னு பாருங்க.”

“எதுக்குண்ணே ஜன்னல்?”

“எதுக்கா இருந்தா என்ன, சில சமயம் நடக்கும்.”

ஜன்னலருகே நின்றாள். எதிர்க்கட்டிடத்து மாடியில் ஒருவர் துணி உலர்த்திக்கொண்டிருந்ததுதான் தெரிந்தது. அண்ணன் தன் அனுபவத்தின் அடி ஆழத்துக்குப் போய், “உங்க கை அப்படி” என்றார். அவளுக்குச் சுருக்கென்றது. எந்த வேலைக்காக இந்தக் கையை வைத்திருக்கிறார்களோ அந்தக் கையின் மேலேயே பழி.

விடுப்பில் இருப்பவனைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று மதியம் வரை பொறுத்தாள். அதற்கு மேல் முடியவில்லை. வீடியோவில் கூப்பிட்டாள். அவன் ஏதோ ஒரு கொல்லைப்புறத்தில், துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்திருந்தான்.

“தம்பி, மெனுவில லீவைத் தொட்டா எதுவும் வரமாட்டேங்குது.”

“என் ஃபோன்ல திறக்குதேக்கா.”

“அதைத்தான் சொல்லுவேன்னு தெரியும்.”

“சும்மா சொல்லல, நீங்களே பாருங்க.” மைத்துனனின் ஃபோனை வாங்கி, அதிலிருந்து அவளை மறுபடி கூப்பிட்டு, தன் ஃபோன் திரையை அதில் காட்டினான். மெனுவைத் தொட்டான், விடுப்பைத் தொட்டான். பக்கம் சமர்த்தாகத் திறந்தது. நாள்காட்டி வந்தது, அனுப்பு என்கிற நீலப் பொத்தான் வந்தது. கைராசிக்கு வயிறு எரிந்தது. அவன் மாமனார் பின்னாலிருந்து, “மாப்பிள்ளை, அந்த டிவி ரிமோட்டைக் கொஞ்சம்...” என்று கூப்பிட, அவன் முகம் சுண்ட, அழைப்பு அறுந்தது.

மறுநாள் தேநீர் இடைவேளையில் அவள் அதைச் சொல்லிப் புலம்பினாள். பால் பொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த வாட்ச்மேன் திரும்பினார். “அப்போ உங்களுக்கும் திறக்கலியா?”

“உங்களுக்குமா?”

“எனக்கு மட்டும்தான்னு நினைச்சேன். கேட்ல தூங்கினதை சார் பாத்துட்டாரு போல, அதான் நம்மளை மட்டும் மூடி வெச்சிட்டாருன்னு வாயைத் திறக்கல. காய்ச்சலோட வந்தேன் அன்னிக்கு.”

செயலியின் திரைகளையெல்லாம் வரைந்து கொடுத்த பெண் கோப்பையைக் கீழே வைத்தாள். “எனக்கும் திறக்காதுக்கா. போன தடவை சம்பளத்தைப் பத்திப் பேசினேன் இல்ல, அதுக்குத்தான்னு நெனச்சிட்டேன். அக்கா பொண்ணு கல்யாணத்துக்கே போகல.”

கொஞ்ச நேரத்தில் அந்தச் சிறிய அறை முழுக்க ஆட்கள். ஒருவருக்கும் திறக்கவில்லை. அத்தனை பேரும் தனக்கு மட்டும்தான் கதவு சாத்தியிருக்கிறது என்று நினைத்து, சாத்தியதற்கான காரணத்தையும் தன் குற்றப் பட்டியலிலிருந்து தானே தேடி எடுத்துக்கொண்டு, கமுக்கமாக வேலைக்கு வந்துகொண்டிருந்திருக்கிறார்கள். வருத்தப்படவேண்டிய விஷயம்தான், ஆனால் எல்லோருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தான் தனியாள் இல்லை என்பதில் அப்படியொரு நிம்மதி.

கைராசி நேராக முதலாளியிடம் போனாள். விஷயத்தைச் சொன்னாள். முதலாளி நல்ல மனிதர், நம்பவில்லை. தன் ஃபோனை எடுத்து, விடுப்பைத் தொட்டார். பட்டியல் மூடிக்கொண்டது. இன்னொரு முறை தொட்டார்.

“எனக்கேவா?” என்றார்.

“நீங்க இதுவரைக்கும் தொட்டுப் பாக்கலியா சார்?”

“நான் எதுக்கும்மா லீவு எடுக்கப்போறேன்?” கண்ணாடிச் சுவருக்கு அப்பால் தெரிந்த பச்சைத் திரையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். “அப்போ எல்லாரும் ஆர்வமா வேலைக்கு வந்தாங்கன்னு நெனச்சேனே, அது...”

அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை அவளுக்கு முக்கியம். “சார், எனக்கு மட்டும் வாயால ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன், போயிட்டு வந்துடறேன்.”

“அடுத்த வாரம் இந்த ஆப்பை வாங்க வர்றாங்க. நானே ரூலை மீறினேன்னா நாளைக்கு யார் மதிப்பா? அது சொல்லணும்மா. சரி பண்ணச் சொல்லுங்க.”

மேசைக்குத் திரும்பினாள். கோபத்தில் அவளுக்கு நன்றாக யோசனை ஓடும். தம்பியின் ஃபோனில் மட்டும் ஏன் திறக்கிறது? ஃபோனாலா, ஆளாலா? தன் ஃபோனிலேயே தன் கணக்கிலிருந்து வெளியே வந்து அவன் பணியாளர் எண்ணைப் போட்டாள். கடவுச்சொல் எல்லோருக்கும் தெரிந்ததுதான், சோதனைக் காலத்தில் அவனே வெள்ளைப் பலகையில் எழுதி வைத்தது இன்னும் அழியாமல் இருந்தது. மெனு, விடுப்பு, தொட்டாள். பக்கம் திறந்தது.

திறந்துவிட்டது என்றதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. நாள்காட்டி கண்முன் நிற்கிறது, நீலப் பொத்தான் கூப்பிடுகிறது. வெள்ளிக்கிழமையைத் தொட்டாள், அடுத்த புதன் வரை இழுத்தாள், மறுபடி மூடிக்கொள்ளுமோ என்ற பயத்தில் அனுப்பு என்பதை அமுக்கியும் விட்டாள். “உங்கள் விடுப்பு ஏற்கப்பட்டது” என்று பச்சை எழுத்தில் வந்தது. கைகொட்டப் போனவளுக்குக் கை பாதியில் நின்றது. மேலே இருந்த பெயர் அவளுடையது இல்லை.

ஃபோன் அடித்தது. திறக்குதே தம்பி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“அக்கா, என்ன பண்ணீங்க?”

“தம்பி, அது வந்து...”

“மெசேஜ் வந்தப்போ ஃபோன் என் பொண்டாட்டி கையில இருந்துச்சு. சத்தமா படிச்சிட்டா. இன்னும் புதன் வரைக்கும் மாப்பிள்ளை இருக்காருன்னு வீடே கொண்டாடுது. மாமனார் பக்கத்து வீட்டு ஃபோனையெல்லாம் வாங்கிட்டு வரப் போயிருக்கார். வந்ததிலேர்ந்து ரிப்பேர்தான்க்கா பண்றேன். வெள்ளிக்கிழமை ஆபீஸ்னு சொல்லித்தான் உயிரைக் கையில பிடிச்சிட்டு இருந்தேன்.”

“மன்னிச்சுடு தம்பி. ரத்து பண்ணிடலாமா?”

“ரத்துப் பக்கம் இன்னும் எழுதவே இல்ல. அடுத்த வெர்ஷன்லதான்.”

ஒன்று மட்டும் நிச்சயமானது. தவறு கையில் இல்லை, எண்ணில். அதைத் தொடாதே அண்ணனிடம் சொன்னபோது அவரால்கூடத் தொடாமல் இருக்க முடியவில்லை. போர்வையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, தம்பி எழுதிய நிரலைத் திறந்தார். மெதுவாக, வரிவரியாக இறங்கினார். ஓரிடத்தில் நின்றார்.

பணியாளர் எண் தம்பியுடையது என்றால் பக்கத்தைத் திற என்று எழுதியிருந்தது. இல்லையென்றால் என்ன செய்வதென்று எதுவும் எழுதவில்லை. பாதி செய்த பக்கத்தை மற்றவர்கள் பார்க்கவேண்டாம் என்று அவன் தனக்கு மட்டும் வைத்துக்கொண்ட கதவு அது. மேலே ஒரு குறிப்பும் இருந்தது: தற்காலிகம், அப்புறம் எடுக்கணும்.

“அப்போ இதைச் சோதிச்சது யாரு?” என்றார் பின்னால் வந்து நின்ற முதலாளி.

சோதித்தது யார் என்று சோதனைப் பதிவிலேயே இருந்தது. கைராசி. விடுப்புப் பக்கம், சரி. அவளுக்கு ஞாபகம் வந்தது. எண் கேட்கும் இடத்தில் பெயரைப் போட்டாள், ஈரக் கையால் தொட்டாள், எல்லாம் செய்தாள். எல்லாவற்றையும் வெள்ளைப் பலகையில் இருந்த தம்பியின் எண்ணில் நுழைந்து செய்தாள். அந்த அலுவலகத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள், ஒவ்வொருவருக்கும் தனியாக எண் போட்டுப் பார்க்க யாருக்குப் பொறுமை?

“நான்தான் சார். திறந்துச்சு, சரின்னு போட்டேன்,” என்றாள். காது வரை சுட்டது. வாட்ச்மேனின் காய்ச்சலும் அந்தப் பெண் போகாத கல்யாணமும் நினைவில் வந்து அவளை நன்றாகக் குத்தின.

முதலாளி அண்ணனைப் பார்த்து, “எடுத்துடுங்க,” என்றார். எனக்கேவா என்று கேட்டதிலிருந்து அவர் கொஞ்சம் இளகித்தான் போயிருந்தார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு அந்த வரியை எடுத்தார். புதன்கிழமை எல்லோருடைய ஃபோனுக்கும் அப்டேட் போனது.

போனதுதான் தாமதம், அலுவலகம் முழுக்க ஒரே நிசப்தம். எல்லோரும் குனிந்து ஃபோனைத் தொட்டுக்கொண்டிருந்தார்கள். சுவர்த் திரையில் ஒவ்வொரு கட்டமாகச் சிவந்தது. வாட்ச்மேன் சிவந்தார், வரைகிற பெண் சிவந்தாள். முதலாளி நாற்காலியை இழுத்துப்போட்டு அதன் முன்னால் உட்கார்ந்து, மேட்ச் தோற்பதைப் பார்க்கிறவர் மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கைராசி தன் எண்ணில் நுழைந்தாள். விடுப்பைத் தொட்டாள். திறந்தது. வெள்ளி முதல் புதன் வரை. அனுப்பு.

“மன்னிக்கவும். உங்கள் பிரிவில் இந்த நாட்களில் ஏற்கெனவே ஒருவர் விடுப்பில் இருக்கிறார்.”

ஒரு பிரிவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் போகலாம். அந்த விதி நன்றாக வேலை செய்கிறதா என்று சோதித்துச் சரி போட்டவளும் அவள்தான். ஏற்கெனவே விடுப்பில் இருப்பவனுக்கு அந்த விடுப்பை வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான். அவளுக்கு அழுகை வந்தது. கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு, அங்கிருந்தே தம்பியைக் கூப்பிட்டாள்.

“தம்பி, நீ ஆபீசுக்குள்ள வந்து வருகையைத் தொட்டா உன் லீவு தானா முடிஞ்சிடும் இல்ல?”

“முடிஞ்சிடும்க்கா. ஆனா எப்படி வர்றது? இவங்க என்னை அனுப்பணுமே.”

“நீ இல்லாம என்னால ஊருக்குப் போக முடியாது தம்பி. என் வீட்டுக்காரரோட முதல் தடவையா போறேன். நீதான் மனசு வைக்கணும்.”

அந்தப் பக்கம் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு தம்பி குரலைத் தணித்துச் சொன்னான். “நான் ஸ்பீக்கர்ல போடறேன். ஆபீஸே நின்னு போச்சுன்னு கொஞ்சம் கோவமா சொல்லுங்க. நான் வேணாம்னு சொல்ற மாதிரி சொல்லுவேன், விட்டுடாதீங்க.”

கைராசி தொண்டையைச் செருமிக்கொண்டாள். இதுவரை யாரையும் அதட்டியதில்லை. அன்றைக்கு அதட்டிய அதட்டலில் அடுத்த அறையில் கைகழுவிக்கொண்டிருந்த தொடாதே அண்ணன் குழாயை மூடாமலே போய்விட்டார். தம்பி மூன்று தரம் மறுத்தான், மாமனாரே குறுக்கே வந்து, “போயிட்டு வாங்க மாப்பிள்ளை, அந்தம்மா ரொம்ப கஷ்டப்படறாங்க” என்று அனுப்பி வைத்தார்.

வியாழக்கிழமை காலையில் தம்பி பெட்டியோடு நேராக அலுவலகத்துக்கு வந்தான். இவ்வளவு சந்தோஷமாக வேலைக்கு வந்த ஒருவனை முதலாளி அதுவரை பார்த்ததில்லை. வருகையைத் தொட்டான். சிவப்பு பச்சையானது. பக்கத்திலேயே நின்ற கைராசி அனுப்பு என்பதை அமுக்கினாள், மேலே இருக்கும் பெயரை முதலில் படித்துவிட்டு.

வெள்ளிக்கிழமை பகல் வண்டி. ஜன்னலோரம் அவள், பக்கத்தில் அவர். வண்டி ஊரைத் தாண்டியது. எதிலிருந்து ஆரம்பிப்பது என்று அவள் யோசித்து, பையனுடைய படிப்பிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று திரும்பினாள். அவர் தூங்கிவிட்டிருந்தார். பகல் அவருக்குத் தூங்குகிற நேரம், உடம்புக்கு லீவு தெரியுமா என்ன? தலை சரிந்து சரிந்து கடைசியில் அவள் தோளில் வந்து நின்றது. முன்னால் ஓட்டுநர் பிரேக் போட்டபோது தூக்கத்திலேயே அவருடைய வலது கால் தரையை மிதித்தது.

முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. இந்தப் பாடு பட்டது இதற்கா? எழுப்பிவிடலாமா என்று கையைக்கூட எடுத்தாள். கல்யாணமான நாளிலிருந்து ஓர் இரவும் அவள் ஒழுங்காகத் தூங்கியதில்லை. வண்டி போய்ச் சேர்ந்தது என்று அவரிடமிருந்து ஃபோன் வரும்வரை இருட்டில் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருப்பாள். அதை அவரிடம் சொன்னதில்லை. சொன்னால் ஓட்டும்போது அந்த நினைப்பு வரும் என்று பயம். இன்றைக்கு வண்டி எங்கோ போய்க்கொண்டிருந்தது, அதை வேறு யாரோ ஓட்டிக்கொண்டிருந்தார், இவர் இவள் தோளில் இருந்தார். யாருடைய ஃபோனுக்கும் காத்திருக்க வேண்டாம்.

எடுத்த கையை அவர் தலைமேல் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அவளும் தூங்கிப்போனாள். கடல் வந்துவிட்டது என்று நடத்துநர்தான் இரண்டு பேரையும் தட்டி எழுப்பவேண்டியிருந்தது.